சந்திரயானுக்கும் ஒத்தக் கண்ணுதான்

நிலாவில் ஒரு குன்று எத்தனை மீட்டர் உயரம் என்று, மேலே பறந்துகொண்டே எப்படி அளப்பார்கள்? எட்டாவது படிக்கும் என் மகள் கேட்ட கேள்வி. நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் கோவை மாவட்டம் கோதவாடிக்காரரான மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1 சமாச்சாரம் ஆயிற்றே, விட மனசில்லை. ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து படித்தேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கலாம், அதனால் எழுதி வைக்கிறேன்.

2008 அக்டோபர் 22-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அந்தக் கலத்தில், அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் செய்த நிலப்பரப்புப் படக் கேமரா ஒன்று இருந்தது. 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 20 கிலோமீட்டர் அகலத்துக்குப் பட்டை பட்டையாகப் படம் எடுக்கும். படத்தின் ஒரு புள்ளி, தரையில் 5 மீட்டர். இது வரை லேசு. உயரம்தான் சிக்கல். நேர் மேலேயிருந்து எடுத்த ஒற்றைப் படத்தில், வெயில் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் குழி மேடாகத் தெரியும், மேடு குழியாகத் தெரியும்.

முலுண்டிலிருந்து வண்டி ஏறுகிறவர்களுக்கு விடை ஜன்னலிலேயே இருக்கிறது. தண்டவாளத்து ஓரக் கம்பம் சட்டென்று பின்னால் ஓடும். மேற்கே தேசியப் பூங்கா மலை நகராதது போல நிற்கும். கிட்டத்தில் இருப்பது அதிகம் நகரும், தூரத்தில் இருப்பது கொஞ்சம் நகரும். அவ்வளவுதான் சூத்திரம். நிலாவுக்கு மேலே போகிறவனுக்கு மலை உச்சி கிட்டத்தில், பள்ளம் தூரத்தில்.

சந்திரயான் கேமரா ஒரே இடத்தை மூன்று தடவை பார்க்கும். முதலில் 25 டிகிரி முன்னால் சாய்ந்து, பிறகு நேர் கீழே, அப்புறம் 25 டிகிரி பின்னால் திரும்பி. முதல் பார்வைக்கும் கடைசிப் பார்வைக்கும் சுமார் ஒரு நிமிடம். அதற்குள் கலம் 90 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். 100 மீட்டர் உயரக் குன்றின் உச்சி, முன் படத்துக்கும் பின் படத்துக்கும் நடுவே ஏறக்குறைய 93 மீட்டர் தள்ளித் தெரியும். படத்தில் 18, 19 புள்ளி. அந்தத் தள்ளலை எண்ணிவிட்டால் உயரம் வந்துவிடும். இப்படி லட்சக்கணக்கான இடங்களுக்குக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டால், மேடும் பள்ளமுமான நிலா வரைபடம் ரெடி.

இதையெல்லாம் நான் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஊஞ்சலில் இருந்த அப்பா கேட்டார்: "மூணு கேமராவால?"

"இல்லப்பா, லென்ஸ் ஒண்ணுதான். முன்னால, பின்னாலயிருந்து வர்ற வெளிச்சத்தக் கண்ணாடி வச்சு அதுக்குள்ள திருப்பி விட்டிருக்காங்க."

"அப்பொ அதுக்கும் ஒத்தக் கண்ணுதான்னு சொல்லு."

எனக்குத் தொண்டையை அடைத்தது. இரண்டு வருஷம் முன்பு குளுக்கோமாவில் அப்பாவின் வலது கண் போய்விட்டது. அம்மாவும் இல்லை. அம்பாசமுத்திரம் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே கூட்டி வந்தோம். வந்த புதிதில் படி இறங்கக் கால் தடுமாறும், டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுவார். ஆழம் தெரியவில்லை. ஊருக்குப் போகிறேன் என்று அவர் சொல்வதும், இந்தக் கண்ணோடு தனியாகவா என்று நான் மறுப்பதுமாகவே நாள் போனது.

அன்று அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தார். "அந்தத் தென்னை கிட்டக்க இருக்கு, தண்ணித் தொட்டி அதுக்கு அங்கிட்டு. அசைச்சுப் பாத்தா தெரியுது. டாக்டர் சொன்னாரு, ஒரு வருசமா பழகுதேன்" என்றார். மகளும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிப் பார்த்தாள். நின்றால் தெரியாது, நகர்ந்தால் தெரியும். கலத்துக்கும் அதேதான்.

அந்தச் சந்திரயானுக்கே 2009-ல், நட்சத்திரம் பார்த்துத் திசை அறியும் கருவி கெட்டுப்போனது. ஜைரோஸ்கோப்பை வைத்துச் சமாளித்து, ஆகஸ்ட் 29-ல் தொடர்பு அறும் வரை வேலை வாங்கினார்கள். 2019-ல் போன சந்திரயான்-2 சுற்றுக்கலத்திலும் இதே மூன்று பார்வைக் கேமரா உண்டு. கூடவே இன்னும் நுணுக்கமாகப் பார்க்கும் ஒன்றும் இருந்தது. அதன் படங்களும் சேர்ந்து மேடுபள்ளம் காட்டிக் கொடுத்த இடத்தில்தான், விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் தலைமையேற்ற சந்திரயான்-3 2023 ஆகஸ்ட் 23-ல் பத்திரமாக இறங்கியது.

தாதர் - திருநெல்வேலி வண்டியில் டிக்கெட் எடுத்தாயிற்று. நானும் பத்து நாள் கூட இருப்பேன். வாசற்படி விளிம்புக்கெல்லாம் மஞ்சள் பெயிண்ட் அடிக்க வேண்டும், கிணற்றடியில் கைப்பிடி வைக்க வேண்டும். அதற்கப்புறம் அவர் அங்கே, நான் இங்கே. பயம் இல்லாமல் இல்லை.

ஒரு விஷயம். குளுக்கோமா வலிக்காமல் வரும், குடும்பத்திலும் தொடரும். பெற்றோருக்கு இருந்தால், நாற்பது தாண்டிய பிள்ளைகள் கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்துவிட்டேன்.