பவானிக் குட்டையில் ஒரு செவுள் சோதனை

"வெயில் ஏறியும் மீனெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டே நிக்குதுங்க. ஜிலேபி கொண்டாந்த நோயா இருக்குமோ? குட்டையை வத்த விட்டுடட்டுங்களா?" என்று பவானி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நான் பயிருக்குப் படித்தவன். அதனால் மீன்வளத்துறை நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனேன்.

கூடுதுறையில் பவானி காவிரியோடு கலக்கிறது. அதற்குச் சற்று முன்னால் பவானியின் குறுக்கே 13ஆம் நூற்றாண்டில் கட்டிய காளிங்கராயன் அணைக்கட்டு நிற்கிறது. அந்த வாய்க்கால் பாசனத்தில்தான் அவருடைய தோட்டம். 10 சென்ட் பண்ணைக்குட்டை. கட்லா, ரோகு விட்டிருந்தார். வாய்க்கால் தண்ணீரோடு ஜிலேபிக் கெண்டையும் தானாக வந்துவிட்டது. ஜிலேபி ஆப்பிரிக்க மீன். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

காற்றுப் பற்றாக்குறை என்றால் விடியற்காலையில் மீன் மேலே வந்து மூச்சு வாங்கும். வெயில் ஏறினால் உள்ளே போய்விடும். இங்கே மணி பதினொன்று. அப்போதும் மீன்கள் தண்ணீர் விழும் மடையருகே கூடி நின்றன. சில கரையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டன. சாகும் நிலையில் இருந்த ஒரு கட்லாவைப் பிடித்து மூடியைத் தூக்கினோம். சிவப்பாக இருக்க வேண்டிய செவுள் வெளிறி, கோழை படிந்திருந்தது.

நண்பர் செவுளில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடித் தகட்டில் குட்டைத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் வைத்தார். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தட்டைப்புழுக்கள் அட்டைபோல நீண்டு சுருங்கிக்கொண்டிருந்தன. தலைப்பக்கம் நான்கு கரும்புள்ளிக் கண்கள். வால்பக்கத் தட்டில் பெரிய கொக்கி ஒரு ஜோடி, ஓரத்தில் சின்னக் கொக்கிகள். இது டாக்டிலோகைரஸ். பிறகு ஒரு ஜிலேபியின் செவுளையும் பார்த்தோம். அதிலும் புழு இருந்தது, ஆனால் பெரிய கொக்கி இரண்டு ஜோடி. அது சிக்லிடோகைரஸ், ஜிலேபி இனத்துக்கே உரியது. ஜிலேபி போன பல நாடுகளுக்கு அதுவும் கூடவே போயிருக்கிறது. கெண்டை மீனில் அது தங்குவதில்லை.

ஆக, பழி ஜிலேபி மேல் இல்லை. "எத்தனை குஞ்சு விட்டீங்க?" என்றார் நண்பர். "ரெண்டாயிரமுங்க." ஏக்கருக்கு 4000 என்ற கணக்கில் அந்தக் குட்டைக்கு 400 போதும். வாங்கிய குஞ்சை உப்புத் தண்ணீரில் முக்கவும் இல்லை. நெருக்கம்தான் புழுவுக்குக் கொண்டாட்டம். ஒரு செவுளிலிருந்து அடுத்ததற்குப் போக அதற்கு வேறு வாகனம் வேண்டாம்.

குட்டையை வற்றவிட வேண்டாம், வளர்ந்ததை வலைபோட்டு விற்று நெருக்கத்தைக் குறையுங்கள், தீனியைப் பாதியாக்கி, புதுத் தண்ணீர் விடுங்கள் என்றோம். குஞ்சு வாங்கும்போது 10 லிட்டர் தண்ணீருக்கு 200 முதல் 300 கிராம் கல் உப்புக் கரைத்துச் சில நிமிடம் முக்க வேண்டும். குஞ்சு சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். புழுவின் முட்டை உப்புக்குச் சாகாது, சில நாளில் பொரிக்கும். அதனால் ஒரு வாரம் தனித்தொட்டியில் வைத்து மறுபடி முக்கிய பிறகே குட்டையில் விட வேண்டும். பார்மலின் போன்ற மருந்தை மீன்வளத்துறையிடம் கேட்காமல் ஊற்றக் கூடாது. அது தண்ணீரின் காற்றையும் குறைக்கும்.

கிளம்பும்போது வீட்டம்மா, "இந்த மீனைத் திங்கலாமுங்களா?" என்றார். செவுள் புழு மனிதருக்குத் தொற்றாது, தாராளமாகக் குழம்பு வைக்கலாம் என்றேன்.