தூண் கல்லும் எங்கள் மலைக் கல்லும்

பெரக்கரை நாட்டுப் பிள்ளைக்குக் கடல் என்பது தேசப்படத்தில் பார்த்த நீல நிறந்தான். ஆயினும், கல்விச் சுற்றுலாவில் மால்பே துறையில் படகேறிக் கர்நாடகத்துச் செயின்ட் மேரித் தீவில் இறங்கியபோது, என் கண் அலையை விட்டுக் கல்லின்மேல்தான் போய் நின்றது. கல்தச்சன் செதுக்கி அடுக்கியதைப் போல, ஐந்து முகமும் ஆறு முகமுமாய்க் கருந்தூண்கள்!

ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன், மடகாஸ்கர் நம் நிலத்தை விட்டுப் பிரிந்த காலத்தில் வழிந்த எரிமலைக் குழம்பு அது. ரையோலைட் என்பர். குழம்பு குளிர்ந்தால் சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். கோடையில் ஏரி வண்டல் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்தவர்க்கு இது புரியும். வண்டலில் வெடிப்பு மேலோடு நின்றுவிடுகிறது. இங்கோ குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்க வெடிப்பும் உடன் இறங்கித் தூண்களாக்கிவிட்டது. இன்று அந்த வெடிப்புகளில்தான் அலை புகுகிறது. அடி அரிபட்ட தூண் சாய, அடுத்த தூண் கடலுக்கு முகம் காட்டுகிறது.

ஊருக்கு வந்து இதைச் சொன்னதும் மாமா பிடித்துக்கொண்டார். அவருக்குச் சாலையோரம் அன்னாசிக் கடை.

"நம்ம மலையும் நெருப்புக் கக்கின மலைதான்னு வர்றவங்க பேசிக்கிறாங்க மாப்ளே. 'எரிமலை மண்ணு அன்னாசி'ன்னு பலகை எழுதிடட்டுமா? ரெண்டு காசு சேர்ந்து வரும்."

"அப்படி எழுதக்கூடாதுங்க மாமா" என்றேன். முகம் சுண்டிவிட்டது அவருக்கு.

கொல்லிமலையின் பெரும்பகுதி சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இந்த இனமே. அதனால்தான் ஹாலந்து என்ற ஆங்கிலேய அறிஞர் 1893இல் இப்பெயர் சூட்டினார். எங்கள் கல் வெளியே வழிந்ததன்று. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்தது. மேலிருந்த நிலமெல்லாம் மழையிலும் காற்றிலும் கரைந்துபோக, அடியில் கிடந்தது இன்று மலையாய் நிற்கிறது.

மாமாவுக்கு ஒரு கல்லை உடைத்தே காட்டினேன். எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம். மணிமணியாய்க் கண்ணுக்குத் தெரியும் கனிமங்கள். தீவுக் கல் மேலே வந்து விரைவில் உறைந்தது. அதில் பெரும்பகுதி நுணுகிய மணிகள்தாம். ஆழத்தில் நின்று வெந்த கல்லுக்கு வளர அவகாசம் இருந்தது.

நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அந்தத் தீவுக் கல்லுக்கு இது பாட்டன் முறையா?"

"அதுக்கும் மேலேங்க மாமா."

பலகையில் ஆண்டுக் கணக்கை எழுதச் சொன்னாராம். அத்தனை சுழி போட இடமில்லை என்று பெயிண்டர் கையை விரித்துவிட்டார்.