விஸ்பி நகரத்து வாதத் திருவிழா

வட ஐரோப்பாவில், பால்டிக் கடலின் நடுவே, ஸ்வீடன் தேசத்துக்குரிய காட்லாந்து என்னும் தீவு உள்ளது. அதன் முக்கிய நகரம் விஸ்பி. அந்நகரில் ஆண்டுதோறும் கோடையில் ஒரு திருவிழா நடைபெறுகிறது. தேரும் இல்லை, வாணவேடிக்கையும் இல்லை, பேச்சும் மறுபேச்சுமே விழா. ஸ்டாக்ஹோமில் உத்தியோகம் பார்க்கும் மைத்துனர் பயணச் சீட்டும் அனுப்பி அழைத்தமையால், 2024ஆம் ஆண்டு ஜூன் இறுதி வாரத்தில் அதனைக் குடும்பத்துடன் காணும் வாய்ப்புப் பெற்றோம்.

ஸ்டாக்ஹோமிலிருந்து நைனஸ்ஹாம்ன் துறைமுகம் வரை ஒரு மணி நேர ரெயில் பயணம்; அதன்பின் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமான கப்பல் பயணம். இருப்புப்பாதை ஊழியர்களல்லவா! இறங்கியதும் ரெயில் நிலையம் எங்கே என்று விசாரித்தோம். 1878இல் தொடங்கிய இத்தீவின் ரெயில் 1960இலேயே நின்றுவிட்டதாம். தண்டவாள இடைவெளி 891 மில்லிமீட்டர்; நமது நீலகிரி மலை ரெயிலினும் குறுகியது.

விஸ்பியைச் சுற்றி ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள பழங்காலக் கல்மதில் நிற்கிறது. உள்ளே கற்கள் பரவிய சந்துகள், வாயில்தோறும் ரோஜாச் செடிகள், கூரையிழந்த மாதாகோயில்கள். 1995இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மதிலுக்கும் கடலுக்கும் இடையே, முன்னாளில் துறைமுகமாயிருந்த இடத்தில், ஆல்மெடாலன் என்னும் பூங்கா உள்ளது. இதுவே விழாக்களம்.

1968ஆம் ஆண்டுக் கோடையில், அப்போது கல்வி மந்திரியாயிருந்த ஊலோஃப் பால்மே விடுமுறைக்காக இத்தீவுக்கு வந்தார். ஒரு லாரியின் மீது ஏறி நின்று சில நூறு பேருக்குப் பிரசங்கம் செய்தார். அந்த வித்துதான் இன்று ஆலாய்ப் படர்ந்திருக்கிறது. கட்சித் தலைவர்களுக்குத் தனித்தனி நேரம் உண்டு. அவர்களோடு தொழிற்சங்கத்தார், வியாபாரிகள், பேராசிரியர்கள், பொதுச் சுகாதார ஆராய்ச்சியாளர்கள் ஆகியோரும் கூடாரம் அடித்து வாதிடுகின்றனர். எந்த நிகழ்ச்சிக்கும் கட்டணம் இல்லை. எவரும் நுழையலாம், வினாவலாம். பணம் படைத்தோர் விருந்தளித்து ஆள் சேர்க்கும் இடமாக இது மாறிவிட்டது என்று குறை கூறுவோரும் அங்கே உளர். விடுதி வாடகையைக் கேட்டபோது அக்குறையில் நியாயம் இருப்பதாகவே எங்களுக்கும் தோன்றியது.

பல கூடாரங்களைக் கடந்து ஒன்றில் அமர்ந்தோம். மைத்துனர் மொழிபெயர்த்துச் சொன்னார். பொருள், ‘ஸ்னூஸ்’. ஈரப் புகையிலைப் பொடியை மேலுதட்டின் உள்ளே அடக்கிக்கொள்வது ஸ்வீடன் மக்களின் பழைய வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பிற நாடுகளில் இதனை விற்கத் தடை உண்டு. 1995இல் ஒன்றியத்தில் சேர்ந்தபோது ஸ்வீடன் மட்டும் விலக்குப் பெற்றுக்கொண்டது. இப்போது புகையிலையே இல்லாத, நிகோடின் மாத்திரம் சேர்ந்த வெள்ளைப் பொட்டலங்கள் பழச்சுவையிலும் புதினாச் சுவையிலும் பரவியுள்ளன. 2022 ஆகஸ்டு முதல் 18 வயதுக்குட்பட்டோருக்கு இவற்றை விற்பது குற்றம்.

வியாபாரத்தின் சார்பில் பேசியவர், ஸ்வீடனில் சிகரெட் பிடிப்போர் ஐரோப்பாவிலேயே மிகக் குறைவு என்றும், அதற்கு ஸ்னூஸே காரணம் என்றும் அடித்துப் பேசினார். ஆராய்ச்சியாளரான அம்மையார் அவ்வுண்மையை மறுக்கவில்லை. சிகரெட்டை விட்டு இதற்கு வருபவருக்குத் தீங்கு குறையலாம். ஒருநாளும் புகைக்காத இளம்பெண்கள் இதனைத் தொடங்குகிறார்களே, அவர்கள் எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று கேட்டார். முன்வரிசையிலிருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுந்து, இருபது ஆண்டுகள் கழித்து என் மாணவிகளுக்கு என்ன நேரும் என்றார். அம்மையார் சிறிது நேரம் மௌனமாயிருந்து, இதற்கு விடை கூறுமளவு நீண்டகால ஆராய்ச்சி இன்னும் இல்லை என்றார். எதிர்க்கட்சிக்குச் சாதகமாகுமே என்று அஞ்சாமல் சபை நடுவே அவ்வாறு கூறியது எங்கள் மனத்தைத் தொட்டது.

நிற்க. இத்திறந்த சபைக்கு அந்நாட்டார் கொடுத்த விலையும் உண்டு. பூங்காவுக்கு அருகே டோனர்ஸ் பிளாட்ஸ் என்னும் சதுக்கம் உள்ளது. 2022 ஜூலை 6 அன்று, விழா நடந்துகொண்டிருக்கையில், மனநல மருத்துவரும் அத்துறையின் தேசிய ஒருங்கிணைப்பாளருமான இங்-மரி வீசல்கிரேன் அங்கே பட்டப்பகலில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். மனநோயாளருக்கு நல்ல சிகிச்சை வேண்டுமென்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர் அவர். அவரைக் கொன்றவனுக்கு, அவ்வாண்டு டிசம்பரில், நீதிமன்றம் விதித்ததும் மனநலச் சிகிச்சையே! விழாவைத் தொடங்கிவைத்த பால்மேயும், பிரதம மந்திரியாயிருந்த காலத்தில், 1986 பிப்ரவரி 28 இரவு காவலரின்றித் தெருவில் நடந்து செல்கையில் சுடப்பட்டு மாண்டவர்தான். எனினும் 2023இலும் விழா நடந்தது. நாங்கள் சென்ற ஆண்டிலும் அச்சதுக்கத்தில் மக்கள் நின்று வாதித்துக்கொண்டிருந்தனர்.

காவிரிப்பூம்பட்டினத்தில் இருபத்தெட்டு நாள் நடந்த இந்திர விழாவில், வாதத்தில் வல்லோர் பட்டிமண்டபம் ஏறுமாறு அழைக்கப்பட்டனர் என்று மணிமேகலை கூறும். அம்மரபின் வழிவந்த நமது சங்கமும் ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறது. மாமியாரா மருமகளா என்று சிரித்துவிட்டுக் கலைகிறோம். சிரிப்பதில் தவறில்லை. ஆயின் இவ்விதர்ப்பப் பகுதியில் கொட்டைப்பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த ‘கர்ரா’ பொட்டலம் நம் பிள்ளைகளின் சட்டைப் பையிலும் இருக்கிறது. புகையிலை சேராவிடினும் பாக்கே புற்றுநோய் விளைப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அறிவித்துள்ளது. அடுத்த ஆண்டு விழாவில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாகாதா? வாய்ப்புற்றுநோய் மருத்துவர் ஒருவரை மேடைக்கு அழைப்போம். கர்ரா விற்கும் கடைக்காரரையும் எதிரே அமர்த்துவோம். பிள்ளைகள் முன்வரிசையில் இருந்து வினாவட்டும். தலைமை தாங்குவோர் யாவர் என்பதைச் செயற்குழு முடிவு செய்க. நாற்காலி போட நாங்கள் வருகிறோம்.