ஹார்னெட்டுக்கு ஒரு கிளட்ச் பிளேட்

ஹட்சன் மோட்டார் கம்பெனியின் டெட்ராய்ட் தொழிற்சாலையிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது 1954 அக்டோபர் 30 அன்று. அந்த ஆண்டு மே மாதமே ஹட்சனும் நாஷ் என்ற இன்னொரு கார் கம்பெனியும் இணைந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆகியிருந்தன. அதன்பிறகு 1957 வரை ஹட்சன் என்று விற்றதெல்லாம் நாஷ் உடம்பில் மாட்டிய பெயர்தான். அமெரிக்கன் மோட்டார்ஸையும் 1987இல் கிரைஸ்லர் வாங்கிவிட்டது. செய்த கம்பெனியும் இல்லை, விற்ற கடையும் இல்லை. இப்படிப்பட்ட ஒரு காரை இன்று பழைய நிலைக்குக் கொண்டுவர நினைப்பவர் பார்ட்ஸுக்கு எங்கே போவார்?

மிச்சிகன் மாநிலத்தின் கான்டனில் வசிக்கும் நண்பரிடம் இதைக் கேட்டேன். அவர் டெட்ராய்ட் பக்கம் ஒரு கார் கம்பெனியில் கம்ப்யூட்டரில் கதவுக் கீல் வரைகிறவர். “இங்க எல்லாரும் திரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்னு நினைச்சுட்டுப் போயிடாதே. கையால செய்யறவர் ஒருத்தர் இருக்கார். நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

போகும் வழியில் இப்சிலாண்டியில் இறங்கி, அங்குள்ள கார் அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். அது முன்பு ஹட்சன் டீலரின் கடை. கம்பெனி மூடிய பிறகும் பல ஆண்டுகள் ஹட்சனையே பிடித்துக்கொண்டு நின்ற கடை. கார் பந்தய வீரர் ஹெர்ப் தாமஸ் ஓட்டிய ஹட்சன் ஹார்னெட் அங்கே நிற்கிறது, பக்கவாட்டில் 92 என்ற எண்ணோடு. 1952இல் நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயத் தொடரின் 34 பந்தயங்களில் 27ஐ வென்றவை ஹட்சன் கார்கள். 2006இல் வந்த ‘கார்ஸ்’ படத்தில் குழந்தைகளுக்குப் பிடித்த அந்தக் கிழட்டு நீலக் கார், டாக் ஹட்சன், ஒரு ஹார்னெட்தான். அருங்காட்சியகத்துக் காரைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது ஏன் வென்றது என்று புரியும். கார் தரையோடு தரையாகக் கிடக்கிறது. கதவைத் திறந்தால் ஏறி உட்காருவதில்லை, ஒரு படி இறங்கி உட்கார வேண்டும். அடிச்சட்டத்துக்கு மேலே தளத்தை வைக்காமல், சட்டங்களுக்கு நடுவே தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டம் பின்சக்கரங்களுக்கு வெளிப்புறமாகச் சுற்றிப் போகிறது.

நண்பர் சொன்னவரின் பட்டறை ஊருக்கு வெளியே, சோளக்காட்டை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. பெரியவருக்கு எண்பதை நெருங்கும் வயது. கை குலுக்கும்போதே அது அரம் பிடித்த கை என்று தெரிந்துவிட்டது. நடுவில் 1952 ஹார்னெட் ஒன்று, எஞ்சினைக் கழற்றிய நிலையில் நின்றது. சுவரெல்லாம் அலமாரி. அதில் வெள்ளை முக்கோணம் அச்சிட்ட பழைய அட்டைப்பெட்டிகள், துருப்பிடித்த தகர டப்பாக்கள், அட்டை கிழிந்த பார்ட்ஸ் புத்தகங்கள்.

பார்ட்ஸ் தேடுவது பற்றி அவர் முதலில் சொன்னது இதுதான்: “ஹட்சன் தானே செய்தது எது, வெளியே வாங்கிப் போட்டது எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.” எந்தக் கார் கம்பெனியும் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் ஆட்டோ-லைட், கார்பரேட்டர் கார்ட்டர், பேரிங் டிம்கன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை 1951 முதல் போட்டியாளரான ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்தே வாங்கினார்கள். அலமாரியிலிருந்து ஒரு சக்கர பேரிங்கை எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, விளிம்பில் பொறித்திருந்த எண்ணைக் காட்டினார். அது டிம்கனின் எண். ஹட்சனின் பார்ட் நம்பரைச் சொல்லித் தேடினால் ‘அரிய பொருள்’ என்று பெயர் வைத்து ஒருவர் விலையை ஏற்றிவிடுவார். டிம்கன் எண்ணைச் சொன்னால் விவசாய இயந்திரக் கடையில் சாதாரண விலைக்கே கிடைக்கும். பொருள் ஒன்றுதான். எந்தக் காரின் பாகம் எந்தக் காருக்குப் பொருந்தும் என்று சொல்லும் ஹாலண்டர் கையேடு 1934 முதல் வருகிறது. அதன் பழைய பதிப்பு ஒன்றை முதுகில் துணி ஒட்டி வைத்திருக்கிறார்.

ஹட்சன் தானே செய்தவைதான் சிக்கல். 1955 செவ்ரோலே வைத்திருப்பவருக்குக் கவலையில்லை. அந்தக் காரின் முழு உடம்பையே இன்று புதிதாகத் தகட்டில் அடித்து விற்கிறார்கள். ஹார்னெட்டுக்கு அப்படி யாரும் செய்வதில்லை. 1959இல் தொடங்கிய ஹட்சன்-எஸ்ஸெக்ஸ்-டெர்ராபிளேன் கிளப்பின் உறுப்பினர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்வதும், பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் அக்டோபர்தோறும் கூடும் பெரிய பழைய பார்ட்ஸ் சந்தையும், வறண்ட மாநிலங்களின் காயலான் கடைகளும்தான் கதி. வறண்ட மாநிலம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. மிச்சிகனில் பனிக்காலத்தில் சாலைகளில் உப்பைக் கொட்டுகிறார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, ஏறத்தாழ 1,200 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கம் இருக்கிறது. மேலே காரைச் செய்த ஊர், அந்தக் காரைத் தின்னும் உப்பையும் கீழே வைத்திருக்கிறது. சட்டமும் உடம்பும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஹார்னெட்டில் துரு ஏறினால் ஒரு பாகத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது நடக்காது. கெட்ட இடத்தை வெட்டி, தகட்டை வளைத்து, பற்றவைத்துச் சேர்க்க வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது ஓர் இளம்பெண். பக்கத்துக் கல்லூரியில் வெல்டிங் படித்துவிட்டு இரண்டு ஆண்டுகளாக இங்கே இருக்கிறாள். நான் பார்த்தபோது அவள் கையில் இருந்தது பின்விளக்கின் கூடு. துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே குரோம் பூசியது. ஈரம் உள்ளே போனால் துத்தநாகம் அடியிலிருந்து அரித்துப் பொங்கி, மேற்பரப்பில் அம்மைத் தழும்பாகக் குழி விழுகிறது. அதிலும் 1952 மாடல்களுக்குச் சாபம் அதிகம். கொரியப் போருக்காக நிக்கலை அரசு கட்டுப்படுத்தியதால், குரோமுக்கு அடியில் இருக்க வேண்டிய நிக்கல் அடுக்கு கார்களுக்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. நிக்கல்தான் காப்பு. குரோம் வெறும் பளபளப்பு. போருக்குப் போன நிக்கலின் கணக்கை அந்தப் பெண் இன்று தீர்த்துக்கொண்டிருக்கிறாள்! பழைய பூச்சை நீக்கி, ஒவ்வொரு குழியையும் சிறிய துரப்பண முனையால் நல்ல உலோகம் தெரியும்வரை சுரண்டி, தாமிரம் பூசி, ஈயப்பற்றால் நிரப்பி, அரத்தால் ராவி, மறுபடி தாமிரம் பூசி, தேய்த்து, அதன்பின் நிக்கல், கடைசியில் குரோம். பூசும் வேலை வெளியே நடக்கிறது. குரோம் குளியலில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயைத் தருவது என்பதால் கட்டுப்பாடுகள் கடுமை. சின்னப் பட்டறைகள் பல மூடிவிட்டன. கட்டுப்பாடு சரிதான். அந்த வேலையைச் செய்தவர்களின் நுரையீரலை நினைத்தால் வேறு மாதிரி சொல்ல எனக்கு மனம் வராது.

வயரிங்கையும் பிரேக்கையும் பெரியவர் விரிவாகத்தான் விளக்கினார். ஆறு வோல்ட் பேட்டரி, எண்ணெய் அழுத்தம் போய்விட்டால் அதே மிதியை இன்னும் அழுத்தினால் பின்பிரேக்கைக் கம்பியால் இழுக்கும் ஏற்பாடு என்று ஏதேதோ. என் கண் மேசைமேல் கிடந்த கிளட்ச் பிளேட்டிலேயே இருந்தது.

ஹட்சன் கிளட்ச் மற்றவற்றைப் போல உலர்ந்து உராய்வதில்லை. எண்ணெயில் நனைந்தபடி சுழலும். உராய்வுக்கு அதில் வைத்திருப்பது கார்க். ஆம், பாட்டில் மூடியின் கார்க்தான். எஃகுத் தட்டைச் சுற்றிப் பல்லாங்குழிப் பலகையைப் போல வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கார்க் துண்டு, தட்டின் இரு பக்கமும் சற்றே துருத்திக்கொண்டு. மிதியை விடும்போது கார்க் மெல்ல அமுங்குவதால் கார் உலுக்காமல் கிளம்பும். எண்ணெய் வற்றிய நிலையில் ஓட்டினால் கருகிப்போகும். மேசையில் கிடந்த பிளேட்டில் பாதிக் கார்க் கரியாக இருந்தது.

அவர் கருகியதைக் குத்தித் தள்ளிவிட்டு, துளைகளின் ஓரத்தை உருட்டு அரத்தால் மழுப்பினார். ஓரம் கூர்மையாக இருந்தால் புதுக் கார்க்கை நுழைக்கும்போதே அறுத்துவிடும். தண்ணீரில் ஊறிய கார்க் ஒன்றை எடுத்தார். துளையைவிட அது பெரியது. அதை நுழைக்க அவரிடம் ஒரு கருவி இருக்கிறது. விரல் நீள எஃகுக் குழல், மேல்வாய் அகலம், கீழ்வாய் குறுகல், உட்புறம் கண்ணாடியாக மெருகேறியிருந்தது. குழலைத் துளைமேல் நிறுத்தி, கார்க்கை உள்ளே போட்டு, கைப்பிடி பிரஸ்ஸை ஒரே இழுப்பாக இழுத்தார். கார்க் சுருங்கி இறங்கித் துளையில் உட்கார்ந்து விரிந்தது. எந்த அளவுகோலும் வைக்கவில்லை. மேலும் கீழும் ஒரே அளவு துருத்தி நின்றது. நான் இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். “பாதியில் நிறுத்தாதீர்கள், கார்க் கிழிந்துவிடும்” என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைக் கொடுத்தார். துளையைக் கார்க் கவ்வும் அந்தக் கணம் உள்ளங்கையில் தெரிகிறது. எல்லாம் நிரம்பிய பிறகு காயவைத்து, சமதளக் கல்லில் ஒட்டிய உப்புத்தாளில் பிளேட்டைச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்து, மைக்ரோமீட்டரில் தடிமனைப் பார்க்கிறார். ஓரிடம் உயரமாக இருந்தால் கிளட்ச் பிடிக்கும்போது கார் நடுங்கும்.

அந்தக் குழலைச் செய்தவர் அவர் அப்பா. டெட்ராய்ட்டின் ஜெஃபர்சன் அவென்யூவில் இருந்த ஹட்சன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1954இல் ஆலை நின்றபோது மகனுக்கு ஏழு வயது. அப்பா வீட்டில் பகலில் இருப்பதைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டதாகச் சொன்னார். வேலை போன அப்பா, அக்கம்பக்கத்து ஹட்சன்களுக்கு வீட்டுக் கொட்டகையில் கிளட்ச் போட்டுக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினார். மகன் வளர்ந்து தகடு அடிக்கும் டை செய்யும் கடையில் பயிற்சியாளராகச் சேர்ந்து, அந்தக் கடையும் மூடும்வரை அங்கேயே இருந்தார். மூடிய இரண்டு இடங்களின் வித்தை அந்த ஒரு கொட்டகையில் இருக்கிறது.

இனி நான் சொல்வதில் கோபம் இருந்தால் இருக்கட்டும். ஹார்னெட்டின் இரட்டைக் கார்பரேட்டர் அமைப்பு 1952இல் வந்தது. அதற்கு மவுசு அதிகம். பழைய மெக்கானிக் ஒருவர் காலமானால், துக்கம் விசாரிக்கும் கூட்டத்தோடு பார்ட்ஸ் தரகரும் வந்துவிடுகிறார். கொட்டகையில் இருப்பது என்னவென்று தெரியாத மனைவியிடம் எல்லாவற்றையும் மொத்தமாக இரும்பு விலைக்குப் பேசி முடிக்கிறார். பிறகு ஒவ்வொன்றாகப் படம் பிடித்து ஏலத்தில் விடுகிறார். முழுக் காராக நின்றதைப் பிரித்து, இரட்டைக் கார்பரேட்டரைத் தனியே விற்று, மிச்சத்தை நசுக்க அனுப்பியதைப் பெரியவரே பார்த்திருக்கிறார். பொருளைக் காப்பாற்றினோம் என்கிறார்கள். ஐம்பது ஆண்டுகள் பெட்டி பெட்டியாகத் துடைத்து வைத்த அந்த மெக்கானிக் காப்பாற்றவில்லையா? அவர் வீட்டுக்கு அதில் என்ன போய்ச் சேர்ந்தது?

அதைவிட மோசம் கார் உரிமையாளர்கள் போடும் கணக்கு. பெட்டி பிரிக்காத ஒரிஜினல் பாகத்துக்குக் கேட்ட விலையைக் கொடுக்கிறவர், அதைப் பொருத்திய மணிக்கணக்கைப் பில்லில் பார்த்ததும் பேரம் பேசுகிறார். எழுபது வருஷம் பெட்டியில் கிடந்த ரப்பர் கல்லாகியிருக்கும். எதையும் மாட்டும்முன் ராவ வேண்டும், இழைக்க வேண்டும், மாட்டிக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வருவதற்குள் அந்தப் பெண் அந்தக் கதவை எத்தனை முறை தூக்கி இறக்கினாள் என்பதைப் பில் காட்டாது. பாகத்தை வைத்திருந்தவனுக்குப் பணம், பொருத்தியவளுக்குப் பேரம் என்றால் அடுத்த தலைமுறையில் யார் இந்த அரத்தைக் கையில் எடுப்பார்கள்? கிளப்புகளுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பார்ட்ஸ் விலையை வெளியிடுவதைப் போலப் பொருத்தும் வேலைக்கான நேரத்தையும் கூலியையும் வெளியிடுங்கள். இறந்த உறுப்பினரின் கொட்டகைக்குத் தரகருக்கு முன்னால் நீங்கள் போங்கள். பட்டியல் எழுதி அந்த வீட்டாரிடம் கொடுங்கள்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அவருக்கு வேறு கவலை இருந்தது. அப்பாவின் குழல் கீழ்வாயில் தேய்ந்துவருகிறது. இன்னொன்று வேண்டும். என் நண்பர் உடனே அதை வாங்கி அளந்து, மடிக்கணினியில் வரைந்து காட்டினார். பெரியவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு மறுப்பாகத் தலையசைத்தார். “நீங்கள் அளந்தது தேய்ந்த குழல். புதிதில் சரிவு இன்னும் மெதுவாக இருந்தது.” எவ்வளவு என்று கேட்டதற்குக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் குவித்துக் காட்டினார். அது வரைபடத்தில் எண்ணாக மாற வெகுநேரம் பிடித்தது. அந்தப் பெண்ணும் வந்து நின்று, கார்க் எந்த இடத்தில் இறுகத் தொடங்க வேண்டும் என்று தன் கை அனுபவத்தைச் சொன்னாள். கடைசியில் மூவரும் ஒரு கோணத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். லேத்தில் அதைக் கடையப்போவது அவள்தான். எஃகுக் கம்பியை அப்போதே வெட்டி வாங்கிக்கொண்டாள்.