வார்ஸாவின் பழைய நகரம்

போலந்தின் தலைநகரான வார்ஸாவில் ஜாகை அமைந்ததும், மூட்டை முடிச்சுகளை வைத்துவிட்டுப் பழைய நகரத்துச் சதுக்கத்தைப் பார்க்கச் சென்றோம். சுற்றிலும் வர்ணம் தீட்டிய மாடி வீடுகள். முந்நூறு வயதாவது இருக்கும் என்று தோன்றும். ஆனால் அவை பெரும்பாலும் 1945-க்குப் பிறகு எழுந்தவை! 1944-ல் 63 நாள் நடந்த விடுதலைக் கிளர்ச்சியை அடக்கிய நாஜிகள், நகரத்தைத் தெருத் தெருவாகத் தகர்த்தார்கள். யுத்தம் ஓய்ந்ததும் ஜனங்கள் இடிபாடுகளை அகற்றி, 18-ஆம் நூற்றாண்டில் பெல்லோட்டோ தீட்டிய சித்திரங்களையும் துணைகொண்டு, பழைய சாயலிலேயே கட்டினார்கள். 1980-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அரண்மனையருகே, 1944-ல் வீழ்த்தப்பட்ட ஸிகிஸ்மண்ட் மன்னரின் ஸ்தம்பம் உடைந்து கிடக்கிறது. 1949-ல் நாட்டிய புதுத் தூண் மேல் மன்னர் மறுபடி நிற்கிறார். அங்கே செல்லும் நேயர்கள் உடைந்த கல்லை முதலில் பாருங்கள். அப்புறந்தான் அந்த வீடுகளின் அருமை விளங்கும்.