தைத்தவரின் பெயர்

நாம் உடுத்தும் சட்டையின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் அங்கே ஒரு பெயர் இருக்கும். அது சட்டையை விற்கும் நிறுவனத்தின் பெயர். தைத்தவரின் பெயரை எங்கும் காண முடியாது. உழைப்பாளி தன் உழைப்பின் பயனிலிருந்து பிரிக்கப்படுவதை விளக்க நூல்களைப் புரட்டும் ஆசிரியர்களாகிய நாம், நாள்தோறும் கழுத்தில் அணியும் இச்சான்றைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. எனக்கு அதை உணர்த்தியது விரலளவுத் துணித்துண்டு ஒன்று.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் பெண்கள் பன்னிருவர் கூடிப் பூத்தையல் பழகுகிறோம். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் பொருட்டு, ஒவ்வொருவரும் தத்தம் பெயரைத் தாமே தைத்துச் சட்டையில் ஊக்கினாற் குத்திக்கொள்வதென முடிவு செய்தோம். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே ஊரில் அறியப்பட்ட சிலருக்கு அதுவே புதுமையாக இருந்தது.

வேலை எளிது. மூன்று அங்குல நீளமுள்ள பருத்தித் துண்டொன்றிற் பெயரைப் பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும். ஆறிழை நூலிலிருந்து இரண்டிழையைப் பிரித்து ஊசியிற் கோக்க வேண்டும். கட்டங்களை எண்ணித் தைக்கும் குறுக்குத் தையல் ஆங்கில எழுத்துக்குப் பொருந்தும். வளைந்து செல்லும் நம் எழுத்துக்குச் சங்கிலித் தையலே இசைவானது. வளைவு கூடுமிடத்திற் தையல் குறுக வேண்டும். இல்லையேல் எழுத்துக் கோணிவிடும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு முடிச்சு. ஓரத்தை மடித்து, பின்புறத்து நூல் மறைய இன்னொரு துண்டை வைத்துத் தைத்தால் முடிந்தது.

எங்களில் ஒருவர், 1978 இல் தொடங்கப்பட்ட கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்தில் ஏழாண்டுகள் வேலை செய்து திரும்பியவர். சட்டைக் கழுத்தில் நிறுவனத்தின் பெயர்த்துண்டைப் பொருத்துவதே அவர் வேலை. மணிக்கு இத்தனை என்று இலக்கு உண்டு. மேற்பார்வையாளர் அவரை இயந்திரத்தின் இலக்கத்தாலேயே அழைத்தாராம். நாங்கள் ஒரு பின்னேரத்தில் முடித்ததை அவர் மூன்று சனிக்கிழமைகள் தைத்தார். காரணம் கேட்டேன்.

"ரீச்சர், எத்தினையோ ஆயிரம் சட்டைக்குப் பேர் வைச்சுத் தைச்சனான். என்ர பேரைத் தைக்கிறது இதுதான் முதல் தரம். ஆறுதலாத் தைப்பமே" என்றார்.

இதெல்லாம் ஓய்வுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று நண்பரொருவர் இகழ்ந்தார். ஓய்வு உழைப்பவருக்கும் உரியது என்பதை அவர் மறந்துவிட்டார். ஊசியின் வரலாற்றையும் அவர் அறியார். 1912 மார்ச்சில், வாக்குரிமை கோரி லண்டனில் யன்னற் கண்ணாடிகளை உடைத்துச் சிறை சென்ற பெண்கள், ஹொலவே சிறையில் ஒரு கைக்குட்டையிலே தம் கையொப்பங்களைத் தைத்தனர். 66 கையொப்பங்களும் இருவரின் முதலெழுத்துக்களும் கொண்ட அக்கைக்குட்டை இன்றும் சசெக்ஸ் மாவட்டத்து அரும்பொருட்சாலையொன்றிற் பேணப்படுகிறது. தனியே பார்த்தால் அவை ஒவ்வொன்றும் சிறு பூவேலை; ஒரே துணியிற் சேர்ந்தபோது சாட்சியமாயின.

ஆயினும் ஊசியை நாம் மிகைப்படுத்தலாகாது. பிரித்தானியப் பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமையை 1928 இலேயே பெற்றனர். இலங்கைப் பெண்களுக்கு அவ்வுரிமை 1931 இற் கிடைத்தது. இவற்றைத் தந்தவை பல்லாண்டு காலக் கிளர்ச்சியும் அமைப்புமேயாம். பெயரைத் தைப்பதனாற் கூலி உயராது, இலக்குக் குறையாது. ஆனால், இலக்கமாக அழைக்கப்பட்டு வந்த ஒருவர், தம் பெயரைத் தாமே எழுதி மற்றவர் காண அணிந்துகொள்வது, உரிமை கேட்கும் குரலுக்கு ஒரு தொடக்கமாகலாம். சங்கத்தின் அங்கத்துவப் படிவத்திலும் முதலில் எழுதப்படுவது பெயர்தானே!

அவருடைய தங்கை இன்றும் அதே வலயத்தில் வேலை செய்கிறார். தமது பெயரை முடித்த மறுவாரமே அவர் தங்கையின் பெயரைத் தைக்கத் தொடங்கினார். தங்கையின் வரிசையில் வேலை செய்யும் பெண்களின் பெயர்களையும் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறாராம்.

"என்ர பேர் தனிய இருந்து காணாது, ரீச்சர்" என்றார்.

அவருக்கு நூல் போதாமற் போகாதபடி பார்த்துக்கொள்வது இப்போது எங்கள் பொறுப்பு.