ஸாதும் ஸீனும்

மகளின் தஜ்வீத் பாடத்திற்காக, இரவல் பெற்ற இரண்டு விலையுயர்ந்த வயர் இயர்போன்களைச் செண்பகத்தோப்பு ஓடைக்கரையில் அமர்ந்து ஒப்பிட்டேன். கேட்டது 1961இல் வெளியான ஷெய்கு ஹுஸரியின் கிராஅத். இசையில்லை, ஒரே குரல். ஆதலால் பேஸ் ஓங்கிய முதலாவது இங்கே பயன்படவில்லை. ஸாதின் கனத்திற்கும் ஸீனின் கூர்மைக்கும் உள்ள வேறுபாட்டை அது மழுக்கியது. 1991இல் அறிமுகமான எடிமோட்டிக் இஆர்4 வரிசையைச் சேர்ந்த மற்றொன்றிலோ, எழுத்து பிறக்கும் இடமே புலப்பட்டது. ஷெய்கு மூச்சு வாங்குவதும் கேட்டது.

ஆனால் அத்தெளிவு செவித்துளையை இறுக அடைப்பதால் வருவது. அடைத்ததும் ஓடையின் ஓசை மறைந்தது. சாம்பல் நிற அணில் சரணாலயமாகிய இது யானைகளும் நடமாடும் காடு! வீட்டிலோ பாங்கொலியும் தாயின் அழைப்பும் அவ்வாறே மறையும்.

நல்லவேளையாக, அது பழைய மோனோ பதிவு. இரு செவிக்கும் ஒரே ஒலிதான். இரண்டாவதையே வாங்கினோம். மகள் ஒரு செவியில் மட்டும் அணிந்து ஓதப் பழகுகிறாள்.